ஸ்கேன் புரோப்பைச் சுத்தம் செய்து கிருமி நீக்குவது: எதற்குப் பின் எது, ஏன்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஜெல் தடவி நோயாளியின் உடலில் வைத்துப் பார்க்கும் கைக்கருவிதான் புரோப். ஸ்கேன் அறைக்குப் புதிதாக வருபவரிடம் "புரோப்பைச் சுத்தம் செய்து வையுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு டிஷ்யூவை எடுத்து ஜெல்லைத் துடைத்துவிட்டு ஹோல்டரில் மாட்டிவிடுவார். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் அங்கே நடந்தது ஜெல்லை எடுத்தது மட்டும்தான். சுத்தமும் நடக்கவில்லை, கிருமிநீக்கமும் நடக்கவில்லை.

ஜெல்லைத் துடைப்பது ஒரு வேலை, கழுவிச் சுத்தம் செய்வது இன்னொரு வேலை, கிருமி நீக்குவது மூன்றாவது வேலை. மூன்றும் இதே வரிசையில் நடக்க வேண்டும். நான் பார்த்த தவறுகளில் கிருமிநீக்கி மருந்தின் பெயர் தெரியாமல் நடந்தவை குறைவு. வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது ஒரு படியைத் தாண்டிப் போனதால் நடந்தவைதான் அதிகம். அதனால் ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் மூன்று காகிதங்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: உங்கள் புரோப் மாடலின் பராமரிப்புக் கையேடு, நீங்கள் பயன்படுத்தும் மருந்தின் லேபிள், உங்கள் மருத்துவமனைத் தொற்றுத்தடுப்புக் குழுவின் விதிகள். இங்கே நான் சொல்வதும் அவற்றில் இருப்பதும் மாறுபட்டால், அவற்றையே பின்பற்றுங்கள்.

1. முதலில் கேட்க வேண்டியது: இந்தப் புரோப் எங்கே பட்டது?

எந்த மருந்து, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலில் இருந்துதான் வருகிறது. கருவி உடலில் எங்கே படுகிறது என்பதை வைத்துப் பிரிக்கும், உலகெங்கும் பின்பற்றப்படும் ஸ்பால்டிங் வகைப்பாட்டின் சாரம் இதுதான்.

காயமில்லாத தோலில் மட்டும் பட்ட புரோப்புக்கு, அதாவது வயிறு, கழுத்து, தைராய்டு, கால் நரம்பு ஸ்கேன் செய்யும் சாதாரணப் புரோப்புக்கு, கழுவியபின் குறைந்த நிலைக் கிருமிநீக்கம் போதும். முழுத் தோலே நல்ல தடுப்புச் சுவர்.

மென்சவ்வில் பட்ட புரோப்புக்கு உயர்நிலைக் கிருமிநீக்கம் கட்டாயம். பிறப்புறுப்பு வழி ஸ்கேன், ஆசனவாய் வழி ஸ்கேன், உணவுக்குழாய் வழியாக இதயத்தைப் பார்க்கும் புரோப் எல்லாம் இதில் வரும். உயர்நிலை என்றால், பெருமளவில் இருக்கும் பாக்டீரிய ஸ்போர்கள் (எளிதில் சாகாத உறங்குநிலை வித்துகள்) தவிர மற்ற எல்லாக் கிருமிகளையும் அழிக்கும் நிலை. தோல் உரிந்த இடம், தீக்காயம், திறந்த புண் இவற்றில் பட்ட சாதாரணப் புரோப்பையும் இந்த வகையிலேயே சேருங்கள்.

அறுவை சிகிச்சையில் உடலின் கிருமியற்ற பகுதிக்குள் நேரடியாக வைக்கப்படும் புரோப்புக்கு ஸ்டெரிலைசேஷன், அதாவது ஸ்போர்கள் உட்பட எல்லாக் கிருமிகளையும் அழிப்பது, வேண்டும். அதற்கு வழியே இல்லாத புரோப் என்றால், உயர்நிலைக் கிருமிநீக்கமும் ஸ்டெரைல் (முற்றிலும் கிருமியற்ற) உறையும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உறை போட்டுத்தானே செய்தோம், அப்புறம் எதற்கு இவ்வளவு?" உறை கிழியும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையோடும் வரும். உறையைக் கழற்றும்போது கையுறையில் இருப்பது கைப்பிடியில் ஒட்டும். அதனால் உறை போட்டதைக் காரணம் காட்டி ஒரு நிலை கீழே இறங்கக் கூடாது.

ஊசி போடும்போது வழிகாட்டப் பயன்படுத்தும் புரோப் பற்றி வழிகாட்டுதல்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஸ்டெரைல் உறையும் ஸ்டெரைல் ஜெல்லும் போட்டிருந்தால் குறைந்த நிலை போதும் என்பது ஒரு பக்கம். ரத்தம் படக்கூடிய எதற்கும் உயர்நிலைதான் என்பது இன்னொரு பக்கம். உங்கள் குழு எதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். என்னைக் கேட்டால், உறை கிழிந்தோ ரத்தம் பட்டோ இருந்தால் விவாதமே வேண்டாம், உயர்நிலைக்கு அனுப்பிவிடுங்கள்.

2. கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

பாதி வேலையில் எழுந்து போய் ஒரு பொருளைத் தேடினால், அந்தக் கையுறையோடு கதவுப்பிடி, அலமாரி, சுவிட்சு எல்லாவற்றையும் தொட்டுவிடுவோம். அதனால் முதலில் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

கையுறைகள் குறைந்தது இரண்டு ஜோடி, திரவ மருந்து என்றால் கண்ணாடியும் நீர்புகாத ஏப்ரனும். நூல் உதிராத மென்மையான துணிகள். புரோப் கையேடு அனுமதிக்கும் மென்மையான அல்லது என்சைம் கலந்த சோப்புக் கரைசல். சந்து பொந்துகளுக்கு மிருதுவான சிறு பிரஷ். கிருமிநீக்கி, அதன் வீரியம் போதுமா என்று நிறம் மாறிக் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப், தெர்மாமீட்டர், டைமர். அழுக்குப் புரோப்புக்கு ஒரு மூடிய டிரே, சுத்தமான புரோப்புக்கு வேறொரு மூடிய டிரே. இரண்டுக்கும் நிறத்திலேயே வேறுபாடு இருக்கட்டும். எழுதி ஒட்டிய சீட்டு நனைந்து உரிந்துவிடும்.

கிருமிநீக்கியை வாங்கும் முன் புரோப் தயாரிப்பாளரின் பொருந்தும் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். இதை வாங்கும் பிரிவினர் பார்ப்பதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும். புரோப்பின் முகப்பில் இருப்பது கண்ணாடி அல்ல, சிலிக்கோன் ரப்பர் போன்ற மென்மையான லென்ஸ். பொருந்தாத மருந்து அதைக் காயவைக்கும், வீங்கவைக்கும், ஓரத்தில் பிரித்துவிடும். ஆல்கஹால் பல லென்ஸுகளுக்கு ஆகாது. சில மாடல்களுக்கு ஆல்கஹால் கலந்த வைப்ஸ் (மருந்தில் நனைத்த துடைப்புத் தாள்கள்) அனுமதி உண்டு. ஒரே கம்பெனியின் இரண்டு புரோப்புகளுக்கே விதி வேறாக இருக்கும்.

3. நோயாளி எழும் முன்பே தொடங்குங்கள்

படத்தை ஃப்ரீஸ் செய்யுங்கள். கையுறையோடு உறையின் மேல் விளிம்பைப் பிடித்து உள்ளிருந்து வெளிப்பக்கமாக உருட்டிக் கழற்றுங்கள். உறையின் வெளிப்பக்கம் புரோப்பைத் தொடாமல் வர வேண்டும். வேகமாக இழுத்தால் தெறிக்கும்.

கழற்றியவுடன் ஜெல்லைத் துடைத்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது இரண்டு துடைப்பில் போகும் ஜெல், காய்ந்துவிட்டால் மெல்லிய பிசினாகப் படியும். அந்தப் படலத்துக்கு அடியில் இருக்கும் கிருமியிடம் மருந்து போய்ச் சேராது.

கைப்பிடியில் இருந்து முகப்பை நோக்கித் துடையுங்கள். முகப்புதான் அதிகம் அழுக்கானது. அங்கிருந்து கைப்பிடிக்குத் துடைத்தால் அழுக்கை மேலே ஏற்றிவிடுகிறோம். ஒரு முறை துடைத்த பக்கத்தை மடித்து, புதிய பக்கத்தால் அடுத்த துடைப்பு. சொரசொரப்பான பேப்பர் டவலால் லென்ஸை அழுத்தித் தேய்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தினம் நாற்பது முறை தேய்த்தால் எந்த ரப்பரும் தாங்காது.

அப்புறம் கையுறையை மாற்றுங்கள். கை கழுவுங்கள். இந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்துபவர்கள்தான் அதே கையுறையோடு கீபோர்டில் ரிப்போர்ட் தட்டுகிறார்கள்.

உடலுக்குள் செலுத்திய புரோப் என்றால் கணினியில் அந்தப் புரோப்பை அணைத்துவிட்டு, கனெக்டரைக் கழற்றி, அழுக்கு டிரேயில் மூடி எடுத்துச் செல்லுங்கள். கையில் தொங்கவிட்டபடி நடைபாதையில் நடக்காதீர்கள்.

4. கழுவும் முன் உற்றுப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் லென்ஸ், லென்ஸும் பிளாஸ்டிக்கும் சேரும் ஓரம், கைப்பிடியின் இணைப்புக் கோடு, கேபிள் தொடங்கும் கழுத்துப் பகுதி, கேபிளின் நீளம் முழுவதும் பாருங்கள். விரிசல், குமிழ், வீக்கம், உரிந்த கேபிள் உறை எது தெரிந்தாலும் அந்தப் புரோப்பைத் தண்ணீரில் நனைக்காதீர்கள், நோயாளிக்கும் பயன்படுத்தாதீர்கள். துடைப்பால் முடிந்த அளவு சுத்தம் செய்து, தனியே கட்டி, "பழுது" என்று எழுதி உபகரணப் பொறியாளருக்கு அனுப்புங்கள்.

விரிசலில் இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று, உள்ளே புகுந்த திரவம் வழியாக மின்கசிவு வரலாம். மற்றொன்று, எந்தக் கிருமிநீக்கியும் அந்தச் சந்துக்குள் ஒழுங்காகப் போகாது, போனாலும் அலசி வெளியே எடுக்க முடியாது. உணவுக்குழாய் வழிப் புரோப்புக்கு மின்கசிவுச் சோதனையும் தனியாக உண்டு. அதை எப்போது செய்வது என்று கையேட்டில் இருக்கும்.

5. கழுவுதல்

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். "எப்படியும் மருந்தில் ஊறப்போடுகிறோமே" என்பது அவர்கள் வாதம். சளி, ரத்தம், ஜெல் எல்லாம் கிருமிக்குப் போர்வை. கிருமிநீக்கியில் ஒரு பகுதி அந்தப் போர்வையோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். அதோடு குளுட்டரால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடு மருந்துகள் புரதத்தை அப்படியே உறையவைத்து மேற்பரப்போடு ஒட்டிவிடும். அதற்குப் பிறகு தேய்த்தாலும் போகாது. சமையல் பாத்திரத்தில் முட்டை காய்ந்து ஒட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரைசலை லேபிள் சொல்லும் அளவில் கலக்குங்கள். "கொஞ்சம் கூடப் போட்டால் நல்லதுதானே" என்று கூட்டினால் நுரை அதிகமாகி அலசுவதுதான் சிரமம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சூடான தண்ணீர் புரதத்தைக் கெட்டியாக்கும், லென்ஸுக்கும் ஆகாது.

கையேட்டில் வரைந்திருக்கும் நீர்க்கோடு வரை மட்டும் நனையுங்கள். பல புரோப்புகளின் முன்பகுதிக்கு ஐபிஎக்ஸ்7 தரம் இருக்கும், அதாவது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் அந்தத் தரம் கனெக்டருக்குக் கிடையாது. எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் புதிதாக வந்தவர் ஒருவர், நல்ல மனதோடு, கேபிளையும் கனெக்டரையும் சேர்த்தே தொட்டியில் அமிழ்த்திவிட்டார். அந்தப் புரோப் திரும்ப வேலை செய்யவே இல்லை. இப்போதெல்லாம் நான் பயிற்சி கொடுக்கும்போது முதல் நாளே கனெக்டரைக் காட்டி, "இதுக்குத் தண்ணியே காட்டக் கூடாது" என்று சொல்லிவிடுகிறேன்.

மென்மையான துணியால் முழுப் பரப்பையும் துடைத்துக் கழுவுங்கள். பயாப்ஸி வழிகாட்டியை (திசு எடுக்கும் ஊசிக்குப் பாதை காட்டும் துணைக்கருவியை) மாட்டும் பள்ளம், பிடிமான வரிகள், லென்ஸின் ஓரம் இவற்றுக்கு மிருதுவான பிரஷ். லென்ஸின் மேல் பிரஷ் போடாதீர்கள். பயாப்ஸி வழிகாட்டியைக் கழற்றிவிட்டுத்தான் கழுவ வேண்டும். பளிச்சென்று இருந்த ஒரு புரோப்பில் அந்தப் பள்ளத்தை ஒரு முறை வெள்ளைத் துணியால் துழாவிப் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் காய்ந்த ஜெல் வந்தது. அன்றிலிருந்து பள்ளத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

பிறகு ஓடும் தண்ணீரில் சோப்பு முழுவதும் போகும் வரை அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் அடுத்து வரும் மருந்து கெடும். குறிப்பாக, பல வைப்ஸ்களிலும் கரைசல்களிலும் இருக்கும் குவாட்டர்னரி அமோனியம் வகைக் கிருமிநீக்கிகளைச் சாதாரணச் சோப்பு செயலிழக்கவே வைத்துவிடும்.

6. உலர்த்துதல், மருந்துக்கு முன்பே

நூல் உதிராத துணியால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு மருந்தில் போட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் தொட்டியில் சேரும், மருந்து நீர்த்துப்போகும். முதல் புரோப்புக்கு ஒன்றும் ஆகாது. நான்கைந்து நாள் கழித்து ஸ்ட்ரிப் தேறாமல் போகும்போது, "மருந்து சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம். மருந்தைப் பனிப்புகையாக விடும் இயந்திரம் என்றால் ஈரப் புரோப்பில் சுழற்சியே தோல்வியடையலாம்.

7. சாதாரணப் புரோப்பா? வைப்ஸ் போதும், ஆனால் ஈரம் நிற்க வேண்டும்

காயமில்லாத தோலில் மட்டும் பட்ட புரோப்பை வைப்ஸால் முடித்துவிடலாம். முதல் வைப் சுத்தம் செய்ய, இரண்டாவது வைப் கிருமி நீக்க. ஒரே வைப்பால் இரண்டையும் செய்யாதீர்கள். முதலாவது அழுக்கைச் சுமந்திருக்கிறது.

லேபிளில் தொடர்பு நேரம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 2 நிமிடம் என்றால், புரோப்பின் முழுப் பரப்பும் 2 நிமிடம் கண்ணுக்குத் தெரியும்படி ஈரமாக இருக்க வேண்டும் என்று பொருள். 40 நொடியில் காய்ந்துவிட்டால் அது கணக்கில் வராது, இன்னொரு வைப் எடுத்து மீண்டும் நனையுங்கள். குளிர்சாதன அறையில் ஃபேனுக்குக் கீழே நின்று துடைத்தால் சீக்கிரம் காய்ந்துபோகும். துடைத்தவுடன் டிஷ்யூவால் உலர்த்திவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. மருந்தை வேலை செய்ய விடாமலே எடுத்துவிடுகிறோம்.

டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்தால் மேலே இருக்கும் வைப்ஸ் காய்ந்திருக்கும். வைப்ஸுக்குப் பதில் குவாட்டர்னரி அமோனியக் கரைசலைத் துணியில் நனைத்துப் பயன்படுத்துபவர்கள் பருத்தித் துணியைத் தவிர்க்க வேண்டும். பருத்தி அந்த மருந்தைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும், மேற்பரப்புக்குக் குறைவாகத்தான் வந்து சேரும்.

நேரம் முடிந்தபின், லேபிள் கேட்டால் தண்ணீர் நனைத்த துணியால் மருந்தின் மிச்சத்தைத் துடைத்துவிட்டு உலரவிடுங்கள். சாதாரணப் புரோப்புக்கு இதற்குமேல் 10ஆம், 11ஆம் பகுதிகளுக்குப் போய்விடலாம்.

8. உட்செலுத்தும் புரோப்பா? உயர்நிலைக் கிருமிநீக்கம்

இதற்கு நாலைந்து வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. திரவத்தில் ஊறவைப்பதுதான் பரவலானது, தவறு செய்ய அதிக இடம் இருப்பதும் அதில்தான்.

முதலில் அறைக் காற்றோட்டத்தைப் பாருங்கள். குளுட்டரால்டிஹைடின் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும், ஆஸ்துமாவைத் தூண்டும். ஆர்த்தோ தாலால்டிஹைடு, அதாவது ஓபிஏ, அந்த அளவுக்கு நெடி அடிப்பதில்லை. அதனாலேயே கவனம் குறைகிறது. தோலில் பட்டால் சாம்பல் நிறக் கறை படியும், ஒவ்வாமையும் வரும். கையுறை, கண்ணாடி, ஏப்ரன் மூன்றும் போட்டுக்கொண்டே தொட்டி மூடியைத் திறங்கள்.

அடுத்து டெஸ்ட் ஸ்ட்ரிப். தொட்டியில் ஊற்றிய தேதியை மட்டும் நம்பக் கூடாது. ஓபிஏ கரைசலை வழக்கமாக அதிகபட்சம் 14 நாள் மறுபடி மறுபடி பயன்படுத்தலாம் என்று லேபிள் சொல்லும். ஆனால் செறிவு 0.3 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் மூன்றாம் நாளே கொட்ட வேண்டியதுதான். அதே போல, ஸ்ட்ரிப் தேறினாலும் 14 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஸ்ட்ரிப்பை எத்தனை நொடி நனைப்பது, எத்தனை நொடி கழித்து நிறம் பார்ப்பது என்று அதன் டப்பாவில் இருக்கும். சீக்கிரம் பார்த்தாலும் தப்பு, தாமதமாகப் பார்த்தாலும் தப்பு. ஸ்ட்ரிப் டப்பாவுக்கும் திறந்த தேதி எழுதுங்கள், அதற்கும் காலாவதி உண்டு.

பிறகு வெப்பநிலை. 0.55 சதவீத ஓபிஏவுக்கு லேபிள் குறிப்பது பொதுவாகக் குறைந்தது 20 டிகிரி செல்சியஸ். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடிய அறையில் காலையில் தொட்டி அதற்குக் கீழே இருக்கலாம். குளிர்ந்த மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும்.

எவ்வளவு நேரம்? ஒரே 0.55 சதவீத ஓபிஏவுக்கு அமெரிக்காவில் 12 நிமிடம், கனடாவில் 10, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் 5 என்று லேபிள்கள் வேறுபடுவதுண்டு. இணையத்தில் பார்த்த எண்ணையோ பழைய இடத்தில் பழகிய எண்ணையோ இங்கே கொண்டுவராதீர்கள். உங்கள் கையில் இருக்கும் கேன் என்ன சொல்கிறதோ அதுதான் நேரம்.

புரோப்பை மெதுவாக இறக்கி, காற்றுக்குமிழ் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குமிழ் இருக்கும் இடத்தில் மருந்து படாது. லேசாக அசைத்து எல்லாம் மேலே வந்தபின் டைமரை ஓடவிடுங்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மனக்கணக்குப் போடாதீர்கள். நடுவில் ஒரு போன் வந்தால் போச்சு. ஒரு புரோப் ஊறும்போது இன்னொன்றை உள்ளே போட்டால், இரண்டுக்கும் நேரம் அப்போதிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். கூட்டியும் வைக்காதீர்கள். இரவு ஊறப்போட்டு காலையில் எடுத்தால் கிருமி கூடுதலாகச் சாகாது, லென்ஸின் பசைதான் விட்டுப்போகும்.

நேரம் முடிந்ததும் புதிய கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். அழுக்குப் புரோப்பைப் போட்ட அதே கையுறையால் கிருமி நீக்கிய புரோப்பைத் தூக்கினால் இதுவரை செய்தது எல்லாம் வீண்.

மற்ற வழிகள் பற்றிச் சுருக்கமாக. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பனிப்புகையாக விடும் மூடிய இயந்திரங்களில் சுழற்சி சுமார் 7 நிமிடத்தில் முடிகிறது. கைப்பிடியும் சேர்ந்தே கிருமிநீக்கமாகும், புகை நம் மூக்குக்கு வராது, முடிவை இயந்திரமே பதிவு செய்யும். புற ஊதாக் கதிர் இயந்திரங்கள் இன்னும் வேகம், ஆனால் வெளிச்சம் படாத நிழலில் வேலை நடக்காது; புரோப்பைச் சரியாக மாட்டுவதும், அழுக்கில்லாமல் கழுவியிருப்பதும் அதில் இரட்டிப்பு முக்கியம். குளோரின் டை ஆக்சைடு வைப்ஸ் மூன்று படியாக வரும்: சுத்தம் செய்ய ஒன்று, கிருமி நீக்க ஒன்று, மிச்சத்தைத் துடைக்க ஒன்று. மின்சாரமோ தொட்டியோ வேண்டாம், ஆனால் முழுக்க முழுக்கக் கைவேலை என்பதால் ஆளுக்கு ஆள் மாறும்.

எந்த வழி நல்லது என்ற பேச்சில், கருப்பைவாய்ப் புற்றுநோயோடு தொடர்புள்ள ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் வந்தே தீரும். குளுட்டரால்டிஹைடும் ஓபிஏவும் அந்த வைரஸின் 16ஆம் வகையை அழிக்கவில்லை என்று 2014இல் ஓர் ஆய்வக ஆராய்ச்சி சொன்னது. பின்னால் அதற்கு மாறான முடிவோடும் ஆராய்ச்சி வந்தது. புதிதாக வாங்கும் நிலையில் இருப்பவர்கள் இந்த விவாதத்தைத் தொற்றுத்தடுப்புக் குழுவோடு பேசிவிட்டு வாங்கலாம். ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர்கள் அதை ஒழுங்காக நடத்துவதுதான் இன்றைய வேலை.

9. மருந்தை அலசி எடுங்கள்

அலசுவதை வெறும் சம்பிரதாயமாக நினைப்பவர்கள் உண்டு. ஓபிஏ ஊறிய புரோப்புக்கு மூன்று தனித்தனி அலசல்கள், ஒவ்வொன்றும் குறைந்தது 1 நிமிடம், ஒவ்வொரு முறையும் புதிய தண்ணீர், அதுவும் தாராளமாக. ஒரே பாத்திரத் தண்ணீரில் மூன்று முறை முக்கி எடுப்பது மூன்று அலசல் ஆகாது.

சரியாக அலசாத புரோப் மென்சவ்வில் எரிச்சலையும் ரசாயனக் காயத்தையும் உண்டாக்கும். உணவுக்குழாய் வழிப் புரோப்பில் மிஞ்சிய ஓபிஏ வாயிலும் தொண்டையிலும் கறை படியவைத்ததுண்டு. நோயாளிக்கு எரிந்தால் அவர் ஸ்கேனால் வந்தது என்றுதான் நினைப்பார். நமக்குத் தெரியவே வராது.

எந்தத் தண்ணீர் என்பதையும் குழுவிடம் கேளுங்கள். கிருமி நீக்கிய புரோப்பைக் கிருமியுள்ள குழாய் நீரில் அலசினால் திரும்பவும் ஏற்றிவிடுகிறோம். அலசியபின் சுத்தமான, நூல் உதிராத துணியால் ஒற்றி, முழுவதும் உலரவிடுங்கள். ஈரமாக அலமாரியில் போகும் புரோப்பில் பாக்டீரியா ராத்திரியோடு ராத்திரியாகப் பெருகும்.

10. கேபிள், ஹோல்டர், கீபோர்டு

கிருமி நீக்கிய புரோப்பை எங்கே மாட்டுகிறோம்? காலையில் இருந்து அழுக்குப் புரோப் உட்கார்ந்த அதே ஹோல்டரில். ஹோல்டரின் அடியில் வழிந்த ஜெல் ஒரு குட்டிக் குளமாக நிற்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு ஹோல்டரைத் துடையுங்கள். நாளின் முடிவில் கழற்ற முடிந்தால் கழற்றிக் கழுவுங்கள்.

கேபிளை, குறிப்பாக நோயாளியின் உடலிலும் படுக்கையிலும் புரளும் முதல் அரை மீட்டரை, வைப்ஸால் துடைத்துவிடுங்கள். ஊறவைக்கும் முறையில் கைப்பிடியின் மேல்பகுதியும் கேபிளும் மருந்துக்கு வெளியே நிற்கின்றன என்பதை மறக்கக் கூடாது. கீபோர்டு, டிராக்பால், ஃப்ரீஸ் பட்டன், ஜெல் பாட்டிலின் வெளிப்பக்கம் இவையும் இந்தச் சுற்றில் சேரும். ஸ்கேன் செய்யும் கை ஜெல்லோடு எங்கெல்லாம் போகிறது என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள், பட்டியல் தானாக வரும்.

11. வைக்கும் இடம்

உட்செலுத்தும் புரோப்பைச் சுத்தமான உறையால் மூடி, காற்றோட்டமுள்ள மூடிய அலமாரியில் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். கேபிள் மடங்காமல், முகப்பு எதிலும் இடிக்காமல் இருக்கட்டும். புரோப் வந்தபோது கூடவே வந்த ஃபோம் பெட்டியில் திரும்ப வைக்காதீர்கள். ஃபோமைக் கழுவ முடியாது; ஒருமுறை அழுக்கானால் அது என்றும் அழுக்குதான். எடுத்துச் செல்ல மட்டும் அந்தப் பெட்டி.

மூடாமல் வண்டியில் கிடந்த உட்செலுத்தும் புரோப்பை, "நேற்று கிருமி நீக்கினதுதான்" என்று எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. சந்தேகம் இருந்தால் திரும்பவும் முதலில் இருந்து.

12. ஜெல் பாட்டில்

புரோப்பை இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்துவிட்டு, அதன்மேல் கிருமியுள்ள ஜெல்லை ஊற்றினால் என்ன பயன்? 2021இல் அமெரிக்காவில் பர்க்கோல்டேரியா செபேசியா வகைப் பாக்டீரியா தொற்றுகளுக்கும் ஸ்கேன் ஜெல்லுக்கும் தொடர்பு தெரியவந்தது. தயாரிப்பிலேயே ஜெல் மாசுபட்டிருந்தது. மூடியைத் திறக்காத பாட்டில் என்பதாலேயே அது ஸ்டெரைல் ஆகிவிடாது என்று புரிந்துகொள்ள இது போதும்.

ஊசி நுழையும் எந்தச் சிகிச்சையிலும், மென்சவ்விலும், காயத்திலும், பச்சிளங்குழந்தைக்கும் ஒருமுறைப் பயன்பாட்டு ஸ்டெரைல் ஜெல் பாக்கெட். சாதாரண ஜெல் பாட்டிலில் திறந்த தேதி எழுதி, ஒரு மாதத்துக்குள் தூக்கிப் போட்டுவிடுங்கள். பெரிய கேனில் இருந்து சின்னப் பாட்டிலில் திரும்பத் திரும்ப நிரப்பும் பழக்கத்தை நிறுத்துங்கள். பாட்டிலின் அடியில் இருக்கும் பழைய ஜெல்லுக்கு முடிவே வராது. முனை நோயாளியின் தோலைத் தொடக் கூடாது. ஜெல் சூடாக்கியில் நாள் முழுக்கப் பாட்டில்களை வைப்பது நோயாளிக்கு இதமாக இருக்கும், பாக்டீரியாவுக்கும் அதே இதம்தான்.

13. பதிவேடு

ஒவ்வொரு உயர்நிலைக் கிருமிநீக்கத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, நேரம், புரோப்பின் சீரியல் எண், எந்த நோயாளிக்குப் பயன்பட்டது, மருந்தின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), ஸ்ட்ரிப் முடிவு, வெப்பநிலை, உள்ளே போட்ட நேரம், எடுத்த நேரம், செய்தவர் கையெழுத்து. செய்யும்போதே எழுத வேண்டும். மாலையில் உட்கார்ந்து ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இருபது வரி நிரப்பிய பதிவேட்டைத் தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடலாம். எல்லாப் புரோப்பும் சரியாக 12 நிமிடம், எல்லா நாளும் சரியாக 22 டிகிரி.

14. ஒரு படி விட்டுப்போனது தெரிந்தால்

நடக்கும். ஸ்ட்ரிப் தேறாத மருந்தில் ஊறிய புரோப் அடுத்தவருக்குப் போயிருக்கும். வைப்ஸால் மட்டும் துடைத்த உட்செலுத்தும் புரோப் பயன்பட்டிருக்கும். உடனே அந்தப் புரோப்பைச் சுழற்சியில் இருந்து எடுத்து, முதல் படியில் இருந்து மறுபடியும் செய்யுங்கள். அதே தொட்டியில் கடைசியாக ஸ்ட்ரிப் தேறிய நேரத்துக்குப் பிறகு வெளிவந்த எல்லாப் புரோப்புகளும் இதில் சேரும்.

தொற்றுத்தடுப்புக் குழுவுக்கு அன்றே சொல்லுங்கள். யாருக்கெல்லாம் அந்தப் புரோப் போனது, யாரிடம் சொல்ல வேண்டும், யாருக்குப் பரிசோதனை வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதை நாமே எடைபோட்டு "ஒன்றும் ஆகாது" என்று விட்டுவிடக் கூடாது. அவர்கள் முதலில் கேட்கப்போவது பதிவேட்டைத்தான். சீரியல் எண்ணும் நோயாளி விவரமும் ஒரே வரியில் இருந்தால் அரை மணி நேரத்தில் பட்டியல் கையில் வரும். சொன்னவரைத் திட்டும் அறையாக மட்டும் உங்கள் அறை இருந்துவிடக் கூடாது, ஏனென்றால் அடுத்த முறை விட்டுப்போகும் படியை யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள்.